வேலிக்கு ஒரு துறை, மானுக்கு ஒரு துறை

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வெள்வால் மான் பண்ணை தொடங்க விரும்புபவர் இரண்டு அரசுத் துறைகளின் கதவைத் தட்ட வேண்டும். வேலிக்கான சான்றிதழை மாநில இயற்கை வளத் துறை தருகிறது. அந்த வேலிக்குள் நிற்கப்போகும் மான்களுக்கான பதிவைத் தருவது வேளாண்மை, வணிகம், நுகர்வோர் பாதுகாப்புத் துறை. முன்னது காடு, ஏரி, வேட்டை ஆகியவற்றைக் கவனிப்பது. பின்னது பால்மாடும் பன்றியும் கோழியும் வளர்ப்போரோடு நாள்தோறும் புழங்குவது. கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கும் மான் மக்களின் பொதுச்சொத்து. இந்தப் பக்கம் நிற்பது தனியொருவரின் கால்நடை. இரண்டும் ஒரே இனம். பல பண்ணைகளில் மூக்கோடு மூக்கு உரசிக்கொள்ளும் தூரத்தில்தான் அவை நிற்கின்றன.

இந்தப் பிரிவினை அலுவலக வசதிக்காக வந்ததன்று. மான் யாருடையது, அதற்கு நோய் வந்தால் பொறுப்பு யாருடையது என்ற இரண்டு கேள்விகள் இதற்குள் இருக்கின்றன. முதல் கேள்விக்கு அமெரிக்க நீதிமன்றங்கள் தட்டுத்தடுமாறியாவது விடை சொல்லியிருக்கின்றன. இரண்டாவதற்கு விடை காணாமலேயே மாநிலங்கள் பண்ணை உரிமங்களை வழங்கி வந்தன. உரிம விண்ணப்பத்தை வரிவரியாகப் பார்த்தால் அந்த இடைவெளி தெளிவாகத் தெரியும்.

விலை வைக்கக் கூடாத விலங்கு

மான் பொதுச்சொத்து என்னும் எண்ணம் அமெரிக்காவில் ஓர் அழிவுக்குப் பிறகுதான் உறுதிப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நகரச் சந்தைகளுக்கு இறைச்சியும் தோலும் அனுப்புவதையே தொழிலாகக் கொண்ட வேட்டைக்காரர்கள் காடுகளைத் துடைத்தெடுத்தார்கள். 1900 வாக்கில் நாடு முழுவதும் எஞ்சியிருந்த வெள்வால் மான்கள் ஐந்து லட்சத்தைத் தாண்டாது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. 1896-இல் கீர் எதிர் கனெக்டிகட் வழக்கில், காட்டு விலங்குகள் மக்கள் சார்பில் மாநிலத்தின் பொறுப்பில் உள்ளவை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நான்கு ஆண்டுகள் கழித்து அயோவாவைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் ஜான் லேசி கொண்டுவந்த சட்டம், மாநில விதியை மீறிக் கொன்ற விலங்கை எல்லை தாண்டி அனுப்புவதைக் கூட்டரசுக் குற்றமாக்கியது. காட்டுமான் இறைச்சியை விற்பதற்கு மாநிலங்கள் தடை போட்டன. கீர் தீர்ப்பின் உடைமைக் கோட்பாட்டை 1979-இல் உச்ச நீதிமன்றமே கைவிட்டாலும், பொதுப்பொறுப்பு என்னும் கருத்து மாநிலச் சட்டங்களில் வேரூன்றிவிட்டது. இன்று அமெரிக்காவில் ஏறத்தாழ மூன்று கோடி வெள்வால் மான்கள் இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். அந்த மீட்சியில் காடுகளின் மறுவளர்ச்சிக்கும் வேட்டைக் கட்டுப்பாட்டுக்கும் பங்குண்டு. காட்டுமானுக்குச் சந்தையில் விலை இல்லாமல் போனதே எல்லாவற்றிலும் பெரிய காரணம் என்று நான் கருதுகிறேன்.

மான் பண்ணை அந்த விலையைத் திரும்பக் கொண்டுவந்தது. நியூசிலாந்தில் இது சிக்கலாகவில்லை. அங்கே மான் வந்தேறி விலங்கு. பொழுதுபோக்கு வேட்டைக்காக ஆங்கிலேயர் கொண்டுவிட்டது பெருகி, மலைச்சரிவுகளை மொட்டையடித்து, 1930-களில் அரசே ஆள் வைத்துச் சுட்டுத்தள்ளும் தொல்லையாக மாறியிருந்தது. 1960-களில் ஹெலிகாப்டரில் பறந்து சுட்டு, இறைச்சியை ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்தார்கள். 1970-களில் அதே ஹெலிகாப்டரிலிருந்து வலை வீசி உயிரோடு பிடித்துப் பண்ணைகளில் அடைத்தார்கள். பொதுச்சொத்து என்று யாரும் உரிமை கொண்டாடாத விலங்கு என்பதால் பண்ணைச் சட்டம் எளிதாக இருந்தது. அமெரிக்க உணவகங்களில் பரிமாறப்படும் பண்ணை மான் இறைச்சியில் பெரும்பகுதி இன்றும் நியூசிலாந்திலிருந்தே வருகிறது.

அப்படியானால் அமெரிக்க மான் பண்ணைகள் எதை விற்கின்றன? பெரும்பாலும் கொம்பை. இறைச்சி இங்கே துணை வருமானம். காட்டில் காணவே முடியாத அளவுக்குக் கிளைத்துப் பருத்த கொம்புள்ள ஆண்மான்களை உருவாக்கி, அவற்றைச் சுற்றுவேலி போட்ட தனியார் வேட்டைத் தோட்டங்களுக்கு விற்பதுதான் தொழிலின் மையம். பெயர்பெற்ற ஆண்மானின் விந்து, உறைகுழல்களில் ஊர் ஊராக விற்பனையாகிறது. இனவிருத்திக்கான ஒரு மான் பல்லாயிரம் டாலருக்கு விலைபோகிறது. வேட்டைக்காரர்கள் காட்டுமானை ஈர்க்கத் தெளிக்கும் மான் சிறுநீர்கூடப் பண்ணைச் சரக்குதான். 2014-இல் இண்டியானாபொலிஸ் ஸ்டார் நாளிதழ் இந்தத் தொழிலைப் பற்றி வெளியிட்ட நீண்ட புலனாய்வுத் தொடர் நாடளவில் விவாதத்தைக் கிளப்பியது. பண்ணையாளர்கள் எல்லோரும் பெரும்பணக்காரர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. ஒஹையோ, இண்டியானா, பென்சில்வேனியா மாநிலங்களில் கார் ஓட்டாமல், குதிரை வண்டியில் செல்லும் ஆமிஷ் குடும்பங்கள் பலவும் சிறு நிலத்தில் மான் வளர்த்து வாழ்கின்றன. பால்பண்ணை கட்டுப்படியாகாமல்போன குடியானவருக்கு இருபது ஏக்கரில் மான் வளர்ப்பது பிழைக்கும் வழியாகத் தோன்றியதில் வியப்பில்லை.

விண்ணப்பம் கேட்பவை

மீண்டும் விஸ்கான்சினுக்கு வருவோம். படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே வேலி நின்றாக வேண்டும். அதன் உயரம் எந்த இடத்திலும் 7 அடி 10 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. மேடும் பள்ளமுமான நிலத்தில் இது எளிதன்று. பள்ளத்தில் கம்பிக்குக் கீழே இடைவெளி விழும்; மேட்டில் பனி குவிந்தால் உயரம் சுருங்கும்; புயலில் ஒரு மரம் சாய்ந்தால் ஒரே இரவில் வேலி படுத்துவிடும்.

வேலி எழுந்த பிறகு இன்னொரு வேலை இருக்கிறது. உள்ளே சிக்கிக்கொண்ட காட்டுமான்களை விரட்டி வெளியேற்ற வேண்டும். பொதுச்சொத்தைக் கம்பி கட்டித் தனதாக்கிக்கொள்ள யாருக்கும் உரிமையில்லை என்பதால் இந்த விதி. அதிகாரி வந்து பார்த்துச் சான்றளித்தால் அது பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். கட்டணம், 80 ஏக்கருக்குக் குறைந்த நிலத்துக்கு 50 டாலர், அதற்கு மேற்பட்டதற்கு 100 டாலர். இந்தத் தொகையை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது மந்தைப் பதிவு. 2003 ஜனவரி 1 முதல் வெள்வால் மான் மந்தைகளைப் பதியும் பொறுப்பு வேளாண் துறைக்கு மாறியது. ஒரே ஒரு மானை வைத்திருந்தாலும் பதிவு கட்டாயம். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். காசு வாங்கிக்கொண்டு உள்ளே வேட்டையாட விடுவதானால் குறைந்தது 80 ஏக்கர் நிலமும் அதற்கெனத் தனிச் சான்றிதழும் வேண்டும். மாடு வளர்ப்போரைப் போலவே மான் வளர்ப்பவரும் தம் இடத்தைக் கால்நடை இருப்பிடமாகப் பதிந்துகொண்டிருக்க வேண்டும்.

மாநிலத்துக்கு மேலே கூட்டரசு இருக்கிறது. மாநில எல்லை தாண்டி ஒரு மானையாவது விற்க வேண்டுமானால், 2012-இல் கூட்டரசு வேளாண் துறை தொடங்கிய மந்தைச் சான்றளிப்புத் திட்டத்தில் சேர வேண்டும். சேர்வது அவரவர் விருப்பம்தான். ஆனால் விற்பனையே தொழில் என்னும்போது அந்த விருப்பத்துக்குப் பொருளில்லை. திட்டத்தின் சாரம் இது: வேலி எட்டு அடி. ஓராண்டு நிரம்பிய ஒவ்வொரு மானுக்கும் இரண்டு அடையாளங்கள். அவற்றில் ஒன்று நாடு முழுவதும் வேறெந்த விலங்குக்கும் இல்லாத எண். ஆண்டுதோறும் கணக்கெடுப்பு, மூன்றாண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு மானையும் பிடித்து நிறுத்தி எண்ணைச் சரிபார்த்தல். ஓராண்டைக் கடந்த மான் எந்தக் காரணத்தால் இறந்தாலும் தலையிலிருந்து மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புதல். தப்பியோடிய மானைப் பற்றி அறிவித்தல். இப்படி ஐந்தாண்டுகள் குறையில்லாமல் கழிந்தால் மந்தைக்குச் சான்றிதழ் கிடைக்கும். இடையில் தகுதி குறைந்த மந்தையிலிருந்து ஒரு மானை வாங்கிச் சேர்த்தால் மொத்த மந்தையும் அந்தக் குறைந்த தகுதிக்கு இறங்கிவிடும்.

எழுத்தில் எளிதாகத் தெரியும் இந்த வேலைகள் பண்ணையில் கடினமானவை. மானை மாடுபோல் கயிறு போட்டு நிறுத்த முடியாது. துரத்திப் பிடித்தால் அச்சத்தாலும் ஓட்டத்தாலும் தசைகள் சிதைந்து, பிடித்த பிறகு சில நாள்களில் இறந்துபோகும். எனவே இருட்டாக்கிய குறுகலான வழிகள், மானை அசையாமல் தாங்கும் பெட்டிகள் என்று தனிக் கட்டுமானமே தேவைப்படுகிறது. இறந்த மானின் மாதிரியிலும் சிக்கல் உண்டு. மூளைத்தண்டில் ஒரு குறிப்பிட்ட சிறு பகுதியும் தொண்டைக்குப் பின்னுள்ள நிணநீர்க் கணுக்களும் கெடாமல் கிடைக்க வேண்டும். கோடையில் புதருக்குள் விழுந்த மானை இரண்டு நாள் கழித்துக் கண்டெடுத்தால் அந்தத் திசு பயன்படாது. அப்படித் தவறிப்போன மாதிரிகள் கூடினால் மந்தையின் தகுதிக்கே ஊறு வரும்.

கூட்டரசுத் திட்டத்தின் இத்தனை நிபந்தனைகளும் ஒரே நோயை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

மண்ணில் தங்கும் நோய்

1967-இல் கொலராடோ மாநிலத்தின் ஃபோர்ட் காலின்ஸ் நகரிலிருந்த வனவிலங்கு ஆய்வு நிலையத்தில், அடைத்து வளர்த்த மியூல் மான்கள் காரணம் தெரியாமல் மெலிந்து சாகத் தொடங்கின. எச்சில் ஒழுகும், தலை தொங்கும், கால்கள் தடுமாறும், தீனி இருக்கும்போதே எலும்பும் தோலுமாகும். தீனிக் குறை என்றும் அடைபட்ட விலங்கின் மனவாட்டம் என்றும் எண்ணினார்கள். 1978-இல் எலிசபெத் வில்லியம்ஸ் என்ற கால்நடை நோயியலாளர் மூளைத் திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்து, ஆடுகளுக்கு வரும் ஸ்கிரேப்பி நோயின் குடும்பத்தைச் சேர்ந்தது இது என்று கண்டறிந்தார். நாட்பட்ட நலிவு நோய் என்று இதற்குப் பெயர். நோய்க்காரணி பாக்டீரியாவுமன்று, வைரஸுமன்று; தவறாக மடிந்த புரதமாகிய பிரியான். தடுப்பூசி இல்லை, மருந்து இல்லை, நோய் பிடித்த மான் பிழைத்ததில்லை.

நோய் உள்ளே புகுந்து அறிகுறி தெரிய ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் ஆகலாம். அதுவரை மான் கொழுகொழுவென்று இருக்கும். ஆனால் எச்சிலிலும் சிறுநீரிலும் சாணத்திலும் பிரியானைக் கொட்டிக்கொண்டிருக்கும். ஆகவே மானை விற்கும்போது கால்நடை மருத்துவர் பார்த்துக் கொடுக்கும் நலச் சான்றிதழால் இந்த நோயைத் தடுக்க முடியாது. உயிருள்ள மானில் மலக்குடல் திசுவை எடுத்துச் சோதிக்கும் முறை உண்டு. ஆயினும் நோயின் தொடக்கக் கட்டத்தை அது தவறவிடக்கூடும். உறுதியான சோதனை இறந்த பிறகுதான்.

இந்த நோயில் என்னை மிகவும் கலங்கவைப்பது மண். 1980-களின் நடுவில் ஃபோர்ட் காலின்ஸ் நிலையத்தைத் துப்புரவாக்க முயன்றார்கள். எல்லா மான்களையும் கொன்றார்கள், மண்ணைப் புரட்டினார்கள், கட்டடங்கள்மீது குளோரின் கரைசலைத் திரும்பத் திரும்பத் தெளித்தார்கள், ஓராண்டு காலியாகப் போட்டுவைத்தார்கள். பிறகு நோயற்ற எல்க் மான் கன்றுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். சில ஆண்டுகளில் அவற்றிலும் நோய் தலைகாட்டியது. மைக்கேல் மில்லரும் அவருடன் ஆய்ந்தவர்களும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், நோயுற்ற மான்களின் கழிவு இரண்டாண்டுக்கு மேலாகக் கிடந்த அடைப்பில் விடப்பட்ட நலமான மான்களுக்கும் நோய் தொற்றியது. ஐஸ்லாந்தில் ஒரு பழைய ஆட்டுக்கொட்டிலில் ஸ்கிரேப்பி பதினாறு ஆண்டுகள் தாக்குப்பிடித்ததற்குச் சான்று உண்டு. களிமண் துகள்களோடு பிரியான் இறுகப் பற்றிக்கொள்கிறது என்பது இப்போது நன்கு நிறுவப்பட்ட செய்தி.

லாரியில் ஏறிய மானோடு இந்த நோயும் பயணம் செய்தது. கனடாவின் சஸ்காச்சுவான் மாநிலத்தில் 1996-இல் பண்ணை எல்க் ஒன்றில் நோய் கண்டபோது, தடம் தெற்கு டகோட்டாவிலிருந்து வாங்கிய விலங்குகளுக்குச் சென்றது. அதே கனடாவிலிருந்து 1997-இல் தென்கொரியாவுக்கு ஏற்றுமதியான எல்க் மந்தையில் 2001-இல் நோய் வெளிப்பட்டது. இன்று அமெரிக்காவில் முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இந்நோய் உண்டு. இவை எல்லாவற்றுக்கும் பண்ணைகளைக் குற்றம் சொல்ல முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காட்டுமான்கள் தாமே நடந்து பரப்புகின்றன. வேட்டையாடிய மானை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோய் எலும்பை வீசியெறியும் வேட்டைக்காரர்களும் பரப்புகிறார்கள். நார்வேயில் 2016-இல் காட்டுக் கலைமான்களில் நோய் தோன்றியதற்குப் பண்ணைகளோடு எந்தத் தொடர்பும் இல்லை. மனிதருக்கு இந்நோய் தொற்றியதாக இதுவரை உறுதிப்படுத்தப்பட்ட நிகழ்வும் இல்லை. எனினும் நோயுள்ள மானின் இறைச்சியை உண்ண வேண்டாம் என்றே அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் அறிவுறுத்துகிறது.

ஒரு பண்ணையின் கணக்கு

2002 பிப்ரவரியில், விஸ்கான்சினின் மவுண்ட் ஹோரெப் ஊருக்கருகே முந்தைய நவம்பரில் வேட்டையாடப்பட்ட மூன்று காட்டுமான்களில் நோய் உறுதியானது. மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே அதுவே முதல் கண்டுபிடிப்பு. அதே ஆண்டு செப்டம்பரில் போர்ட்டேஜ் கவுண்டியில் ஒரு வேட்டைத் தோட்டத்தில் நோய் கண்டது. மாநிலத்தின் முதல் பண்ணை நிகழ்வு அது. மந்தை தனிமைப்படுத்தப்பட்டது, மான்களைக் கொல்வது குறித்த வழக்காடலில் ஆண்டுகள் கழிந்தன. 2006 ஜனவரியில் எஞ்சிய 76 மான்களும் கொல்லப்பட்டுச் சோதிக்கப்பட்டன. 60 மான்களில் நோய் இருந்தது. ஏறத்தாழ ஐந்தில் நான்கு. வட அமெரிக்காவில் ஒரு மந்தையில் அதுவரை இவ்வளவு உயர்ந்த விகிதம் காணப்பட்டதில்லை.

மான்கள் போய்விட்டன; நிலம் இருக்கிறது. வேலி சாய்ந்தால் சுற்றுப்புறக் காட்டுமான்கள் அந்த மண்ணில் மேயும். ஆகவே 2011-இல் மாநில இயற்கை வளத் துறையே அந்த 80 ஏக்கரை விலைகொடுத்து வாங்கி வேலியைப் பராமரிக்க வேண்டியதாயிற்று. 50 டாலரோ 100 டாலரோ கட்டி வாங்கிய சான்றிதழின் முடிவில், அந்த வேலியை நீண்டகாலம் காக்கும் செலவு மாநிலத்தின் தலையில் வந்து நின்றது.

அது ஒரு விதிவிலக்கு என்று விட்டுவிட முடியாது. 2003-இல் இயற்கை வளத் துறை மாநிலத்தின் வெள்வால் மான் பண்ணைகளை நேரில் சோதித்து வெளியிட்ட அறிக்கையில், 400-க்கும் மேற்பட்ட மான்கள் தப்பிச் சென்றிருந்தது தெரியவந்தது. பக்கத்து மாநிலமான மின்னசோட்டாவில் 2021-இல் பெல்ட்ராமி கவுண்டிப் பண்ணை ஒன்றில் நோய் கண்டபோது, அங்கே செத்த மான்களின் உடல்கள் அருகிலிருந்த பொது நிலத்தில் கொட்டப்பட்டிருந்தன. அந்தப் பொது நிலத்தையும் அரசு தன் செலவில் வேலியிட்டு அடைக்க வேண்டியிருந்தது.

யார் வீட்டுச் சொத்து

மான் யாருடையது என்ற கேள்வியில் நீதிமன்றங்கள் சொன்னவை உரிமத்தின் தன்மையை விளக்குகின்றன. மிசோரியில் 2014-இல், பண்ணை மான்களைக் கால்நடை என அறிவித்து வேளாண் துறைக்கு மாற்றும் சட்டத்தைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. ஆளுநர் ஜே நிக்சன் அதை மறுத்துத் திருப்பியனுப்பினார். அவருடைய மறுப்பை முறியடிக்கும் முயற்சி கீழவையில் ஒரே ஒரு வாக்கில் தோற்றது. வனவிலங்குகளுக்குப் பொறுப்பான மாநிலப் பாதுகாப்பு ஆணையம் வெளிமாநில மான்களைக் கொண்டுவரத் தடை விதித்தது. பண்ணையாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். வேலிக்குள் பிறந்த மானும் அரசியலமைப்பு குறிப்பிடும் வேட்டை விலங்கே என்று 2018-இல் மாநில உச்ச நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. டெக்சாஸில் ஒருபடி மேலே போனார்கள். பண்ணையாளர் விலைகொடுத்து வாங்கி, ஊட்டி வளர்த்த மானும் மாநில மக்களின் சொத்தே. உரிமம் அதை வைத்திருக்க அனுமதிக்கிறதே தவிர உடைமை ஆக்குவதில்லை என்று 2019-இல் ஆஸ்டின் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

மொன்டானாவின் கதை எல்லாவற்றையும்விடக் கூர்மையானது. 2000 நவம்பரில் வாக்காளர்கள் நேரடி வாக்கெடுப்பில், புதிய பண்ணை உரிமங்களையும் பழைய உரிமங்களைக் கைமாற்றுவதையும் காசுக்கு வேட்டையாட விடுவதையும் ஒரேயடியாகத் தடைசெய்தார்கள். தொழில் முடங்கிய பண்ணையாளர்கள் இழப்பீடு கேட்டார்கள். 2008-இல் கஃப்கா வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் இழப்பீடு மறுத்தது. ஒழுங்குமுறை மிகுந்த ஒரு தொழிலில் இறங்குபவர், விதி மாறக்கூடும் என்று அறிந்தே இறங்குகிறார் என்பது அதன் தர்க்கம். சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் வாழ்நாள் சேமிப்பைப் போட்டவருக்கு, உரிமம் வாங்கும் நாளிலேயே இதைத் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். எந்தப் படிவமும் சொல்லவில்லை.

பண்ணையாளர் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. தங்கள் மந்தையில் செத்த மான் ஒவ்வொன்றையும் அவர்கள் சோதிக்கிறார்கள். காட்டுமான்களிலோ மாதிரிக்குச் சிலவற்றைத்தான் சோதிக்கிறார்கள். தென்மேற்கு விஸ்கான்சினின் சில பகுதிகளில் வளர்ந்த ஆண்மான்களில் பாதிக்கு மேல் நோய் கண்டிருக்கும்போது, பண்ணையை மட்டும் சுட்டுவது அவர்களுக்குக் கசக்கிறது. நோய் வெளியிலிருந்து உள்ளே வந்ததா, உள்ளேயிருந்து வெளியே போனதா என்பதைப் பல நிகழ்வுகளில் நிறுவவே முடியவில்லை. மரபணு அடிப்படையில் நோய்க்கு எளிதில் ஆட்படாத மான்களைத் தேர்ந்து இனவிருத்தி செய்யலாம் என்ற நம்பிக்கை இப்போது அவர்களிடையே பரவியிருக்கிறது. ஓக்லஹோமா 2024-இல் அத்தகைய மான்களைக் காட்டில் விடவே சட்டம் இயற்றிவிட்டது. இது எனக்கு அவசரமாகத் தோன்றுகிறது. அந்த மரபணுக்கள் நோயைத் தாமதப்படுத்துகின்றன, தொற்றும் வாய்ப்பைக் குறைக்கின்றன. முற்றிலும் தடுப்பதாக யாரும் காட்டவில்லை. நோயோடு நெடுநாள் வாழும் மான், நெடுநாள் பிரியானைக் கொட்டும் மானாகவும் இருக்கலாம்.

பணத்தின் கேள்விக்கு வருவோம். நோய் கண்ட மந்தையைக் கொல்ல ஒப்புக்கொள்ளும் பண்ணையாளருக்குக் கூட்டரசு, மதிப்பிட்ட விலையில் 95 விழுக்காடு வரை, ஒரு மானுக்கு 3,000 டாலருக்கு மேற்படாமல் இழப்பீடு தருகிறது. சாதாரணப் பெண்மானுக்கு இது போதும். பல்லாயிரம் டாலர் மதிப்புள்ள இனவிருத்தி ஆண்மானுக்கு ஈடாகாது. அதனால் சிலர் மந்தையைக் கொல்ல மறுத்து, தனிமைப்படுத்தலின்கீழ் வேட்டைத் தோட்டத்தை மட்டும் தொடர்ந்து நடத்துகிறார்கள். நோய் அந்த மண்ணில் மேலும் சேர்கிறது. இழப்பீடு மானின் விலையை மட்டுமே பார்க்கிறது. கெட்டுப்போன நிலத்துக்கு, பத்து இருபது ஆண்டுகள் நிற்க வேண்டிய வேலிக்கு, பக்கத்துக் காட்டுக்கு யார் செலவழிப்பது என்ற கேள்வி விண்ணப்பத்திலும் இல்லை, இழப்பீட்டு விதியிலும் இல்லை.

இதற்கு அமெரிக்கச் சட்டத்திலேயே முன்மாதிரி உண்டு. 1977-இன் மேற்பரப்புச் சுரங்கச் சட்டப்படி, நிலக்கரி வெட்ட அனுமதி கேட்பவர், வெட்டி முடித்த நிலத்தைச் சீராக்குவதற்கான பிணைத்தொகையை முன்கூட்டியே கட்டியாக வேண்டும். நிறுவனம் நொடித்தாலும் நிலம் அநாதையாகாது. நோய்ப்பட்ட மான் பண்ணையும் நிலத்தைப் பல்லாண்டுக்குப் பயனற்றதாக்கக்கூடிய தொழில்தான். அதற்கு மட்டும் பிணை கேட்காததற்கு நியாயமான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. சிறு பண்ணையாளரால் தனியாகக் கட்ட முடியாதென்றால், விற்கும் ஒவ்வொரு மானின்மீதும் சிறு தொகை வசூலித்து எல்லோருக்கும் பொதுவான நிதி ஒன்றை அமைக்கலாம். அத்துடன் இரட்டை வேலியைக் கட்டாயமாக்க வேண்டும். ஒற்றைக் கம்பியின் இருபுறமும் மான்கள் மூக்கை உரசிக்கொள்ளும்வரை எந்தச் சான்றிதழாலும் பயனில்லை.

மின்னசோட்டா 2023-இல் கடுமையான வழியைத் தேர்ந்தது. வெள்வால் மான் பண்ணைகளுக்குப் புதிய பதிவு இனி இல்லை. இருக்கும் மந்தையை நெருங்கிய குடும்பத்தினர் ஒருவருக்கு ஒரேயொரு முறை கைமாற்றலாம். மேற்பார்வைப் பொறுப்பு கால்நடை நல வாரியத்திடமிருந்து இயற்கை வளத் துறைக்கு மாற்றப்பட்டது. வேலிக்கும் மானுக்கும் இனி ஒரே துறை பொறுப்பு. மற்ற மாநிலங்கள் அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், நிலத்தை மீட்பதற்கான பணம் முன்வைக்கப்படாத எந்த மான் பண்ணை விண்ணப்பத்தையும் ஏற்கக் கூடாது. ஏற்றால், அந்தக் கடனை மக்கள் பெயரில் எழுதுகிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு ஏற்க வேண்டும்.